ஏழாம் எண் கோப்பை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதையும் நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

எழுபதுகளின் தொடக்கம். பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஃபாக்டரியில் நான் டீமேக்கர், தூள் தயாரிப்புக்குப் பொறுப்பு. தினமும் காலையில் தூளை ருசி பார்க்க வேண்டும். பிடியில்லாத ஏழு வெள்ளைக் கோப்பைகள், அடியில் சிவப்புப் பெயிண்டில் நானே எழுதிய எண்கள். உறிஞ்சித் துப்பிவிட்டு, நாக்கில் பட்டதை யோசிக்காமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யோசித்தால் ருசி கலைந்துவிடும். இருபது வருஷப் பழக்கம், அதுதான் என்னை மாட்டிவிட்டது.

எங்கள் துரை வேலையை விட்டு ஊருக்குக் கிளம்புகிற வாரம் அது. அவர் மனைவி, துரைசாணி, பிரெஞ்சுக்காரர். பிறந்த வீட்டுக்கு ஆற்றங்கரையில் ஒயினுக்கான பெரிய திராட்சைத் தோட்டம். வேறெதுவும் விளையாத கூழாங்கல் நிலம், ஆனால் பூட்டன் காலத்திலிருந்தே ராஜா வீட்டு விருந்துகளுக்குப் போன சரக்காம். யுத்தத்தில் ஜெர்மன்காரர்கள் வந்தபோது நல்ல பாட்டில்களை நிலவறையில் அடுக்கி, முன்னால் சுவர் எழுப்பி மறைத்தார்களாம். அன்றே துரைசாணியின் தம்பி காணாமல் போனான். சிப்பாய்கள் பிடித்துப் போயிருப்பார்கள், எங்கோ உயிரோடு இருப்பான் என்று முப்பது வருஷமாகக் காத்திருந்தார்.

அந்தச் சுவருக்குள் இருந்த பாட்டில்களில் கடைசி ஒன்றை ஃபாக்டரிக்கே கொண்டுவந்தார். எந்தச் சரிவில் பறித்த கொழுந்து என்று சொல்கிறாயே, இதைச் சொல் பார்ப்போம் என்று துரை சீண்டினார். நான் மதுவைத் தொடாதவன். துப்பத்தானே போகிறோம் என்று ஏழாம் எண் கோப்பையை நீட்டினேன்.

உறிஞ்சிவிட்டுத் துப்பக் குனிந்தால் வாயில் ஒரு சொட்டு இல்லை. சத்தியமாக விழுங்கவில்லை. வாய் அதுபாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தது. கூழாங்கல், காய்ந்த இலை, ஈரச் சுண்ணாம்பு. துரை சந்தோஷமாகத் தலையாட்டினார். எனக்கு நிறுத்த முடியவில்லை.

"சுவருக்குப் பின்னால இன்னொரு சுவர் இருக்கும்மா. அங்க ஒரு பையன் முழங்காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். தாகமா இருக்குங்கான்."

துரைசாணிக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவின் முப்பது வருஷ நம்பிக்கையில் மண்ணைப் போட்ட நாக்கை அறுத்து எறியலாம் போலிருந்தது எனக்கு. அன்று கழுவும்போது ஆறு கோப்பைகள்தான் இருந்தன. அறை முழுக்கத் தேடியும் ஏழாவது கிடைக்கவில்லை.

சில மாதம் கழித்து எனக்குத் துரைசாணியிடமிருந்து கடிதம் வந்தது. புது மானேஜர்தான் படித்துச் சொன்னார். நிலவறையின் பின்சுவரை இடித்துப் பார்த்தார்களாம். உள்ளே சின்ன அறை, அதில் தம்பியின் எலும்புக்கூடு, முழங்காலைக் கட்டியபடி. எப்படி உள்ளே போனான் என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

கடைசி வரியை மானேஜர் இரண்டு முறை படித்தார். காலடியில் பிடியில்லாத வெள்ளைக் கோப்பை, அடியில் சிவப்பில் ஏழு. உன்னுடையதா என்று கேட்டிருந்தார். உள்ளே இன்னும் ஈரம் இருந்ததாம்.