கையை மட்டும்

பத்தாம் வகுப்போடு நின்றவள், அழகைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டக்காரர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற எங்கள் லயத்தில் அழகு என்ற சொல் தேயிலைக்குத்தான் அதிகம் செலவாகும். கவாத்து வெட்டிய செடிகள் துளிர்விட்டு ஒரே மட்டமாக நின்றால் "மலை அழகா இருக்கு" என்போம். ஆளுக்கு லட்சணம் என்று வேறு சொல் உண்டு. யாருக்கு அது இல்லையோ அவரைப் பற்றிப் பேசும்போதுதான் அது வெளியே வரும். என் இடது கன்னத்தில் வெண்புள்ளி பரவிய பிறகு நிறையக் கேட்டிருக்கிறேன்.

குன்னூர் ரோட்டில் எஸ்டேட்டுக்கு ஒரு தேயிலைக் கடை உண்டு. டூரிஸ்ட்டுகளுக்குத் தூள் பொட்டலம் போட்டுக் கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து செய்கிற வேலை. எனக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. சரிவில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எஸ்டேட் முதலாளியம்மா ஆள் பார்க்க வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக் கொழுந்துக் கறையைப் போக்கினேன். காலையில் கன்னத்தில் பவுடரைக் கெட்டியாக அப்பிக்கொண்டு, நாங்கள் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் போய் நின்றேன்.

தூறல் விழுந்தது. முதலாளியம்மா குடை பிடித்தபடி ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார். என் பவுடர் கரைந்து கழுத்தில் வழிந்தது.

"என்னக்கா, பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்கே. அதுக்குள்ள வெள்ளையடிச்சிட்டியா?" என்றாள், பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவள். பெரட்டே சிரித்தது.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. "ஏனுங்க, கையக் காட்டுங்க" என்றார். நீட்டினேன். "கை எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். நான் மனசுக்குள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேவிட்டேன்.

அவர் கூட வந்திருந்த போட்டோக்காரரைக் கூப்பிட்டார். ஒரு கொழுந்தைக் கிள்ளி என் விரல்களுக்கு நடுவில் வைத்தார்கள்.

"கடை போர்டுக்குங்க. கைய மட்டும் எடுங்க. மூஞ்சி வந்துரப் போகுது."

எப்போதும் வாய் திறக்காதவள், அன்று கேட்டுவிட்டேன்: "அப்ப கடை வேலைங்கம்மா?"

"வர்றவங்க டீ வாங்க வேண்டாமுங்களா?" என்று கேட்டுவிட்டு, வெள்ளையடிச்சிட்டியா என்றவளைக் கை காட்டினார். "அந்தப் புள்ள லட்சணமா இருக்கா."

மறுநாளும் மழை. ஏழாம் நம்பர் மலையில் எனக்கு வேலை. மத்தியானத்துக்குள் விரல்கள் கறுத்துவிட்டன.