நீளப் பூச்சி

எங்கள் கூமாப்பட்டியில் விளக்கு வைத்த பிறகு யாரையும் பாம்பு கடிக்காது, பூச்சிதான் கடிக்கும். பொழுது சாய்ந்தபின் அதன் பெயரைச் சொன்னால் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போலாகிவிடும். கடிபட்ட ஆளின் காதில் அந்தப் பெயர் விழுந்தாலோ விஷம் விறுவிறுவென்று தலைக்கேறிவிடும். இதையெல்லாம் அம்மா எனக்குச் சோற்றோடு சேர்த்தே ஊட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்திலோ வனத்துறைக்காரர்கள் வந்து படம் காட்டி, விஷப் பாம்புகளின் பெயர்களை ஒப்பிக்கவே வைத்துவிட்டார்கள். நான்காம் வகுப்பில் நான் இரண்டு தரப்பையும் நம்பினேன்.

தென்னந்தோப்பில் மட்டைக் குவியலை ஒதுக்கும்போது அப்பாவைக் கடித்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. முதுகில் சங்கிலி போட்டதுபோல வட்ட வட்டமாக, அது வரப்பில் இறங்கிப் போனதை நானும் பார்த்தேன். அம்மா ஓடிவந்து மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கடிவாயில் அப்பினாள். பக்கத்துத் தோப்புக்காரர் தன் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். வீட்டில் விட ஆளில்லாததால் நானும் பின்னால் உட்கார்ந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவின் கால் வீங்கிக்கொண்டே வந்தது. "இன்னும் எம்புட்டு தூரம்ணே?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஓர் ஆட்டுமந்தை சாலையை அடைத்துக்கொண்டு ஆடி அசைந்து போனது. அந்த ஆடுகளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், பெரிய ஊரில் வளர்ந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"என்ன கடிச்சுது?"

"பூச்சிம்மா."

"என்ன பூச்சி? குளவியா?"

"இல்லம்மா. நீளப் பூச்சி."

"பூரானா?"

"அதவிட நீளம்மா," என்று அம்மா கையை அகல விரித்துக் காட்டினாள். அதற்குள் அடுத்த கட்டிலில் யாரோ அலற, காலைக் கழுவச் சொல்லிவிட்டு டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அப்பா கண்ணை மூடிக் கிடந்தார்.

"அவிய காதுல மட்டும் விழுந்துரக் கூடாதுட்டி," என்று அம்மா என் கையை இறுக்கினாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "பாம்பு! கண்ணாடி விரியன்!" என்று கத்திவிட்டேன்.

பளாரென்று அறை விழுந்தது. "ஏட்டி பாவி, அப்பன முழுங்கிட்டியே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா பாய்ந்து வந்தார். சுண்ணாம்பைத் துடைத்ததும் இரண்டு பல் பதிந்த இடம் தெரிந்தது. ரத்தம் எடுத்தார்கள், மருந்து பாட்டிலைத் தொங்கவிட்டார்கள், ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் ஈறில் ரத்தம் கசிந்தது. மறுநாள் கிட்னியும் வேலை செய்யவில்லை என்று மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் சொன்ன சொல்தான் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செட்டியார்பட்டியில் சித்தி வீட்டில் என்னை விட்டிருந்தார்கள். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். போன் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வேன். பாம்புக்கு முதலெழுத்தான 'பா'வையே இனிமேல் வாயில் எடுப்பதில்லை என்று சபதம் செய்தேன். பால் போயிற்று, பாட்டுப் போயிற்று, பாடம் போனதில் வருத்தமில்லை. அப்பா என்று சொல்லவும் வழியில்லாமல் போயிற்று. அதுதான் அழுகை அழுகையாக வந்தது. எதற்கு வம்பு என்று கடைசியில் பேச்சையே விட்டுவிட்டேன். பிள்ளைக்குப் பயந்த கோளாறு என்று சித்தி திருநீறு பூசினாள்.

அப்பா பாதியாக மெலிந்து திரும்பி வந்தார். அம்மாவின் தோளைப் பிடித்தபடி படியேறி, நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தார். கூப்பிட வாய் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கன்னத்தைத் தடவினாள்.

"ஒன் வாய்தாம்ட்டி என்னயக் காப்பாத்துச்சு," என்றார் அப்பா.

நான் தலையாட்டினேன். அத்தனை நாளும் அந்த வாயை எவ்வளவு கெட்டியாக மூடி வைத்திருந்தேன் என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.