இடது கைக் கையெழுத்து

சந்திரமதியின் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்காது. சுவிஸ் லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் நானும் அவளும் பல வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். கனமான பாத்திரம் எதையும் அவளைத் தூக்க விடமாட்டேன். விரலுக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், "கதவுக்குள்ளை அம்பிட்டது" என்பாள். கதவாம் கதவு! அந்தக் கதவுக்குப் பெயர் தவராஜா.

அவளுக்குத் தாலி கட்டி இந்த நாட்டுக்குக் கூப்பிட்ட புண்ணியவான். 2009இல் அவன் அந்தக் கையை முறித்த பிறகுதான் அவள் எம்மன்புரூக்கேயில் இருந்த என் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "கதவு எண்டு சொன்னனான் பரமேஸ் அக்கா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் முறிந்த கையோடு வந்து நிற்கிறவளை எப்படி ஏசுவது?

விவாகரத்துக்கு இந்த நாட்டில் இரண்டு வழி. இருவரும் சம்மதித்துக் கேட்டால் கெதியாக முடியும். ஒருவர் மாட்டேன் என்று நின்றால், மற்றவர் இரண்டு வருடம் பிரிந்திருந்த பிறகுதான் வழக்கு வைக்கலாம். தவராஜாவுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் சுவிஸ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்த நேரம் அது. ஆள் அனுப்பிச் சொன்னான்: "அடிச்சது பிடிச்சது எண்டு கோட்டிலை ஒரு சொல்லும் வரக்கூடாது. வந்தால் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"இரண்டு வருசம் இரு. என்னோடை இரு. உண்மையைச் சொல்லிப்போட்டு வெளியிலை வா" என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அவன் பேர் தன் பேருக்குப் பின்னால் இன்னும் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது என்றாள். அவளுக்கு விடுதலை வேண்டும், அவனுக்கு அவளுடைய வாய் மூடியிருக்க வேண்டும். அப்படித்தான் பேரம் படிந்தது.

ஹொக்டோர்ஃப் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது கைக்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. நீதிபதி ஒரு பெண். சட்டப்படி கணவனையும் மனைவியையும் தனித்தனியாகவும் கூப்பிட்டு விசாரித்தார். சந்திரமதியின் முறை வந்தபோது, சொந்த விருப்பத்தில்தான் பிரிகிறாயா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டிருக்கிறார். "ஓம்" என்றாளாம். பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார். "கதவு" என்றாளாம். நீதிபதி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு எதையோ எழுதச் சொன்னாராம்.

அந்த "எதையோ"வைப் பிடித்துக்கொண்டுதான் சந்திரமதி ஐந்து வருடம் சீவித்தாள். கோயிலில் சனம் அவளைப் பார்த்து விலகிப் போகும்போதும், 'புருசனை விட்டிட்டு வந்தவள்' என்று முதுகுக்குப் பின்னால் கதைக்கும்போதும் அவள் என் காதுக்குள் சொல்லுவாள்: "அந்த மனுசி என்னைப் பாத்த பார்வை இருக்கே அக்கா! அவவுக்கு எல்லாம் விளங்கிட்டுது. எழுதினவ. என்ரை உண்மை அந்தக் கோட்டிலை பத்திரமாய்க் கிடக்கு." நானும் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன். கையில் வேறு என்ன இருந்தது அவளுக்கு?

2014இல் தவராஜாவுக்கு மறுகலியாணப் பேச்சு வந்தது. பெண்ணின் ஊர் சுன்னாகம். பெயர் சஜீதா. தகப்பன் இல்லாத பிள்ளை. பேர்ணில், பூம்ப்ளிஸில் இருக்கிற தாய்மாமன் தயாநிதிதான் மாப்பிள்ளை விசாரிக்கிற பொறுப்பை எடுத்திருந்தார். இந்தச் செய்தி சமையலறைக்கு வந்த அன்று சந்திரமதி ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். திரும்பி வந்து, "அந்தப் பிள்ளையை விடக்கூடாது அக்கா" என்றாள். அவள் அழவில்லை. அவளை அவ்வளவு திடமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று மாலையே தயாநிதிக்குப் போன் எடுத்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். மனுசன் மரியாதையாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, நீங்கள் சொல்லுறதைக் கேக்கக் கவலையாய்த்தான் கிடக்கு. ஆனால் மாப்பிள்ளை தீர்ப்பைக் கொண்டுவந்து காட்டினவர். இரண்டு பேரும் சம்மதிச்சுப் பிரிஞ்சது எண்டுதானே போட்டிருக்கு? அவரிலை பிழை எண்டு ஒரு வரியும் இல்லையே."

எங்கள் ஆட்களிடம் இப்போது இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மறுகலியாணம் என்றால் சாதகக் குறிப்போடு தீர்ப்பும் கைமாறும். யாரில் பிழை என்று தேடித் தேடிப் படிப்பார்கள். யாரில் பிழை என்று எழுதுகிற பழக்கத்தை இந்த நாட்டு நீதிமன்றம் எப்போதோ கைவிட்டுவிட்டது. அது இவர்களுக்கு எங்கே விளங்கப் போகிறது! எழுதவில்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமாம்.

"அண்ணை, அது வெறும் தீர்ப்பு" என்றாள் சந்திரமதி. "நீதவான் என்ரை கையைக் கண்டவ. எல்லாம் பைலிலை இருக்கு. நான் எடுத்துக்கொண்டு வந்து காட்டுறன்."

"கொண்டு வாங்கோ. கண்ணாலை கண்டால் நான் கலியாணத்தை நிப்பாட்டுவன்" என்றார் தயாநிதி. அந்தச் சொல்லை அவர் மனதாரத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இருவரும் லீவு போட்டுவிட்டு ஹொக்டோர்ஃப் போனோம். நடுவில் நீதிமன்றத்தின் பெயரையே மாற்றியிருந்தார்கள். அவளிடம் இருந்த பழைய கடித உறையைக் காட்டியதும், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்துவிட்டு, இதே இடம்தான் என்றாள். வழக்கு இலக்கம் கேட்டாள். தெரியாது என்றோம். பரவாயில்லை, இருவரின் பெயர், பிறந்த திகதி, பிரிந்த வருடம் இருந்தால் தேடி எடுக்கலாம் என்றாள். வழக்கில் இருந்த இருவரைத் தவிர வேறு யார் கேட்டாலும் தரமாட்டார்களாம். மாமன் மச்சானுக்கெல்லாம் அங்கே வேலை இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"தீர்ப்பின் பிரதியா, வழக்கின் முழுக் கோவையா?" என்று அவள் கேட்டாள். நான் சந்திரமதிக்குத் தமிழில் சொன்னேன்.

"முழுதும்! அண்டைக்கு அந்த அறைக்குள்ளை எழுதினதும் வேணும் எண்டு சொல்லுங்கோ."

விசாரணைக் குறிப்பும் கோவைக்குள் இருக்கும், கீழே களஞ்சியத்திலிருந்து எடுத்துப் பிரதி செய்து பதிவுத் தபாலில் அனுப்புவோம் என்றாள் அந்தப் பெண். சந்திரமதி பேனாவைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து, கோரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தாள். வரும் வழி முழுக்க, "குறிப்பு இருக்காம் அக்கா, பாத்தீங்களோ? குறிப்பு இருக்காம்!" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

தபால் வந்தபோது தவராஜா ஊருக்குப் பறக்கத் தயாராக இருந்தான். தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்தாயிற்று. பேர்ணுக்குப் போகும் ரயிலில் அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு சந்திரமதி என் எதிரே இருந்தாள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"பிரியடி, என்ன கிடக்கு எண்டு முதல் நாங்கள் பாப்பம்" என்றேன்.

"வேண்டாம் அக்கா. பிரிச்சால் நாங்கள் எதையோ மாத்திப்போட்டம், எடுத்துப்போட்டம் எண்டு சொல்லுவினம். கோட்டு ஒட்டினபடி அவையின்ரை கையிலை குடுத்தால்தான் நம்புவினம்."

"விசர் கதை கதையாதை. தா இங்கை!"

அவள் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எங்கள் சனம் எதை நம்பும், எதை நம்பாது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவள் கெட்டாள்.

தயாநிதியின் வீட்டு வரவேற்பறையில் கூறைச்சேலைப் பெட்டி திறந்தபடி இருந்தது. தேத்தண்ணி தந்தார்கள். சந்திரமதி உறையை நீட்டினாள். ஒட்டியிருப்பதைத் தயாநிதி திருப்பித் திருப்பிப் பார்த்துத் திருப்திப்பட்டார். பிரித்து மகள் ரிஷானியிடம் கொடுத்தார். இங்கே பிறந்து சட்டம் படிக்கிற பிள்ளை. மேலே இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு பேரும் ஃப்ரீயா டிசைட் பண்ணினது எண்டு இருக்கு. பிறகு... மனைவியைத் தனியக் கேட்டிருக்கினம். புருசனைப் பற்றி அவவுக்கு ஒரு முறைப்பாடும் இல்லையாம்."

சந்திரமதி கதிரை நுனிக்கு வந்தாள். "கீழை பாருங்கோ பிள்ளை. கை. கையைப் பற்றி எழுதியிருப்பா."

ரிஷானி கீழே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அன்ரி, இது..." என்று நிறுத்தினாள்.

"வாசி" என்றார் தயாநிதி.

"மனைவியின்ரை வலது கை வீட்டுக் கதவிலை நசுங்கினதாலை, அவ இடது கையாலை சைன் பண்ணுறா."

அவ்வளவுதான். நீதிபதி எழுதினார்தான். அவள் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினார். கீழே சந்திரமதியின் இடது கைக் கையெழுத்து, சின்னப் பிள்ளை கிறுக்கின மாதிரிக் கோணலாகக் கிடந்தது.

"அது பொய் அண்ணை" என்றாள் சந்திரமதி. "நான் சொன்னது பொய். அப்பிடிச் சொன்னால்தான் அவன் கையெழுத்து வைப்பன் எண்டவன்."

"தங்கச்சி, நீங்கள்தானே ஒட்டினபடி கொண்டுவந்தனியள்?" என்றார் தயாநிதி. அந்தப் பக்கத்தை மேசையில் விரித்துப் போனில் படம் எடுத்தார். "நாளைக்கு ஆரும் கதைச்சால் காட்ட வேணும்" என்றார். எங்களுக்கு முன்னாலேயே அதைத் தவராஜாவுக்கும் அனுப்பினார். பாவி மனுசன்! தனி அறையில் அவள் என்ன சொன்னாள் என்று தவராஜாவுக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. அப்படி ஒரு வரி தனக்குத் துணையாகக் கிடக்கிறதென்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான்.

கலியாணம் நடந்தது. சஜீதா வந்தாள். பிறகு இரண்டு வருடம் ஆகுமுன்னே பெண்கள் காப்பகத்திலிருந்து சந்திரமதிக்குப் போன் வந்தது. "அக்கா, நான் சஜீதா" என்றது ஒரு குரல்.

தவராஜா ஒரு பாடம் படித்திருந்தான். கட்டுப் போடுகிற இடத்தில் அவன் இப்போது அடிப்பதில்லை. சேலை மூடுகிற இடம் பார்த்து அடிப்பான். டொக்டரிடம் போகவும் விடமாட்டான். இந்த நாட்டில் இருக்கச் சஜீதாவுக்குக் கிடைத்த பேமிற்றோ அந்தக் கலியாணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் முடியுமுன் பிரிந்தால், அவன் அடித்தான் என்று காட்டினால்தான் இங்கே இருக்கலாம். காட்ட அவளிடம் ஒரு தாளும் இல்லை. காப்பகத்தவர்கள் பிடித்துத் தந்த சட்டத்தரணி சாட்சி தேடினார். முதல் மனைவி இருக்கிறாளே என்று சந்திரமதி ஓடிப் போனாள். நானும் போனேன்.

சட்டத்தரணி ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். தவராஜாவின் பக்கம் அனுப்பியது. அதோடு ஒரு பக்கம் இணைக்கப்பட்டிருந்தது. தயாநிதி வீட்டு மேசைவிரிப்பின் பூவும் படத்தின் ஓரத்தில் தெரிந்தது.

"அன்றைக்கு நீதிமன்றத்தில் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?" என்று அவர் கேட்டார்.

"அண்டைக்குச் சொன்னது" என்றாள் சந்திரமதி.

"அப்படியானால், நீதிபதிக்கு முன்னால் பொய் சொல்லக்கூடியவர் என்று அவர்கள் உங்களைச் சொல்வார்கள்." அவர் அதை இரக்கத்தோடுதான் சொன்னார். இரக்கத்தை வைத்து என்ன செய்வது? அவள் வாக்குமூலம் கொடுத்தாள். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இங்கேயே இருக்கக் கேட்டுச் சஜீதா போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அவளை ஊருக்கு வழியனுப்பச் சூரிச் விமான நிலையத்துக்கு நாங்கள் இருவரும்தான் போனோம். தயாநிதி வரவில்லை. வெட்கமாம்! சஜீதா மெலிந்து கறுத்துப் போயிருந்தாள். சந்திரமதி அவளைக் கட்டிப்பிடித்து, "என்னை மன்னிச்சுக்கொள்ளம்மா, உன்னைக் காப்பாத்தத்தான் அந்தப் பைலை எடுத்தனான்" என்று அழுதாள்.

சஜீதா அழவில்லை. "தெரியும் அக்கா" என்றாள். "அதை எடுக்காமல் விட்டிருந்தால் உங்கடை சொல்லையாவது நம்பியிருப்பினம்."

சந்திரமதி குனிந்து சஜீதாவின் பையை வலது கையால் தூக்கிக் கொடுக்கப் பார்த்தாள். பிடி நழுவிப் பை கீழே விழுந்தது. சஜீதாவே அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.