படி ஏறினால் குணம்

பாஞ்சாலியின் இரண்டு கைகளும் தமயந்தியின் வலது கணுக்காலில் வேலையாக இருந்தன. வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு கை ஊற்ற, வேகவைத்துப் பிழிந்த வேட்டித் துணியால் மறு கை ஒற்றி எடுத்தது. சங்கிலிப் புண். ஆர்.கே.பேட்டையில் புருஷன் வீட்டார் தமயந்தியைத் தறிக்கூடத்துத் தூணோடு மூன்று மாதம் கட்டிவைத்ததில் வந்தது. புத்தி ஆறிவிட்டது. கால்தான் ஆறவில்லை.

"நாளைக்கு மலைப் படி ஏறிடுவேனா அக்கா?"

"ஏறினா புண்ணு பொளந்துக்கும். ஏறலைன்னா ஆவணி பொறந்ததும் உன் மாமியா இன்னொருத்திய இட்டாந்து உன் எடத்துல குந்த வெச்சிடுவா. ரெண்டுல எதுன்னு சொல்ல நான் யாரு? கால ஆட்டாத."

பாஞ்சாலி யாரும் இல்லைதான். திருத்தணியில் மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகும் வழியில் இருந்த அந்தப் பழைய சத்திரத்து விடுதியில் பதினொரு பைத்தியங்களும் ஏழு குடிகாரர்களும் இருந்தார்கள். அவர்களைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, ராத்திரி அலறினால் எழுந்து போவது, விடிந்ததும் பாயைக் கழுவுவது எல்லாம் பாஞ்சாலி ஒருத்தி. அவளுக்கு மேலே தலைவர் ஒருவர், உபதலைவர் இருவர், காரியதரிசி ஒருவர், ஆலோசகர் ஐவர். ஒன்பது தலைக்கு இரண்டு கை. பாரம் சரியாகத்தான் பங்கிடப்பட்டிருந்தது.

தலைவர் கஜபதி. அரிசி மில் வைத்திருந்தவர். அதற்கு முன்னால் யுத்த காலத்தில் மதுவிலக்கை எடுத்தபோது சுற்றுவட்டாரத்துக் கள்ளுக்கடைகளை ஏலம் எடுத்து நடத்தியவர். மதுவிலக்கு மறுபடி வந்ததும் கதர்ச் சட்டை தைத்துக்கொண்டார். குடியின் கெடுதியைப் பற்றி அவரைப்போல் விவரம் தெரிந்து பேச ஊரில் ஆள் இல்லை. எவன் எவ்வளவு குடிப்பான் என்று கடையில் நின்று அளந்து ஊற்றியவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அதனால் அவரையே மதுவிலக்கு, மனநோய் நிவாரண கமிட்டிக்குத் தலைவராக்கினார்கள். பொருத்தமான தேர்வு என்று எல்லாரும் சொன்னார்கள். முதலில் சொன்னவர் அவர்.

காரியதரிசி சடகோபன், பத்திரப் பதிவு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுதி முத்திரை குத்தினால் அது உண்மை ஆகிவிடும் என்பது அவர் முப்பது வருஷ அனுபவம். விடுதிக்குள் அவர் வந்தது இரண்டு தடவை. இரண்டாம் தடவை குடையை மறந்துவிட்டுப் போய், அதை எடுக்க வந்தது.

பாஞ்சாலி பிறந்தது கே.ஜி.கண்டிகையில், கூலி வேலை செய்யும் குடும்பத்தில். புருஷன் கள்ளைக் குடித்தான், பிறகு கள் அவனைக் குடித்தது. அவன் போன பிறகு வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு ஆயாவாகச் சேர்ந்து பதினெட்டு வருஷம் இருந்தாள். அங்கே ஒரு நர்சம்மாவிடம் புண் கழுவவும், காய்ச்சல் பார்க்கவும், மிரண்டவர்களிடம் மெதுவாகப் பேசவும் கற்றாள். நோயாளிக்காக அழுகிறவளால் நோயாளியைத் தூக்க முடியாது என்பதும் அங்கே கற்றதுதான். அவள் இந்த விடுதிக்கு வந்ததும் கமிட்டி வாங்கித் தந்த முதல் சாமான் எட்டு முழச் சங்கிலி. கிணற்று வாளிக்கு நன்றாக இருந்தது.

தமயந்தி பிள்ளை பெற்ற பத்தாம் நாளிலிருந்து தூங்காமல் இருந்தவள். யாரோ தூக்கிப்போக வருகிறார்கள் என்று குழந்தையைத் தறிக்குழிக்குள் ஒளித்துவைத்தாள். மாமியார் ரத்தினம்மாள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு மருமகளைத் தூணில் கட்டினாள். பிறகு ஒரு நாள் புருஷன் ஜெகநாதன் வண்டி கட்டி இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். பாஞ்சாலி பெரிய வைத்தியம் எதுவும் செய்யவில்லை. இருட்டான மூலையில் பாய் போட்டாள், வேடிக்கை பார்க்க வந்தவர்களை விரட்டினாள், நேரத்துக்குக் கஞ்சி கொடுத்தாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள், தூங்கவிட்டாள். மூன்றாம் மாதம் ஒரு காலையில் தமயந்தி எழுந்து உட்கார்ந்து, "புள்ளைக்குப் பல்லு மொளச்சிருக்குமா அக்கா?" என்று கேட்டாள்.

பாஞ்சாலிக்கு அது போதும். பிள்ளைக்கு வயசு ஏறியிருக்கும் என்று கணக்குப் பார்க்கிறவளுக்கு என்ன பைத்தியம்? கமிட்டியிடம் போய்ச் சொன்னாள்.

"நீ சொன்னா ஆச்சா?" என்றார் கஜபதி. "நீ தரையில குந்திகினு பாக்கறவ. நாங்க மேலேர்ந்து பாக்கறோம். நிர்வாகம்னா ஒரு அளவு வேணும் பாஞ்சாலி. அதுக்குத்தான் தீர்மானம் போட்டு வெச்சிருக்கோம்."

தீர்மானம் இதுதான். மலைக்கோயிலுக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. எங்கும் உட்காராமல், யார் கையும் பிடிக்காமல் அத்தனை படியும் ஏறிக் கற்பூரம் ஏற்றிவிட்டு இறங்கினால் பூரண குணம். சடகோபன் முத்திரை குத்திச் சான்று தருவார். நடுவில் உட்கார்ந்துவிட்டால் குணமில்லை, இன்னும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விடுதியில் இருக்க வேண்டும். புத்தி தெளிவாக இருந்தால்தானே மனுஷன் வருஷத்தின் ஒவ்வொரு நாளையும் மிதித்து ஏற முடியும் என்று கஜபதி விளக்கம் சொன்னபோது ஐந்து ஆலோசகர்களும் தலையாட்டினார்கள். ஆலோசனை என்று அவர்கள் அதுவரை தந்தது அந்தத் தலையாட்டல்தான்.

இதில் முதலில் தேறியவன் சேட்டு. சேட்டு பனையேறி. பத்து வயசிலிருந்து பிடிமானம் இல்லாத மரத்தில் ஏறிக் கள் இறக்கி, இறக்கியதில் பாதியை மரத்து உச்சியிலேயே குடித்துவிட்டு விழாமல் இறங்கியவன். அவனைப் போய்ப் படி ஏறச் சொன்னார்கள். மூச்சு வாங்காமல் ஏறி, கற்பூரம் ஏற்றி, கமிட்டியார் கீழே வெற்றிலை போட்டு முடிக்குமுன் இறங்கி வந்தான். பூரண குணம். எட்டாம் நாள் சாராய வாசனையோடு திரும்பி வந்தான். மறுபடி ஏறினான், மறுபடி குணம். அப்படி மூன்று தடவை. அந்த வருஷ அறிக்கையில் சடகோபன் எழுதினார்: "இதுவரை பூரண குணமடைந்தவர்கள் மூவர்." மூவர் பெயரும் சேட்டு. அறிக்கையில் பெயர் கேட்கும் வழக்கம் இல்லை.

தமயந்தியின் பரீட்சைக்கு ரத்தினம்மாளும் ஜெகநாதனும் ஆடி மாத வெயிலில் வந்து சேர்ந்தார்கள். ரத்தினம்மாள் மகனுக்கு வேறு பெண் பார்த்து முடித்துவிட்டாள். மருமகள் பாதியில் உட்கார வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

"கீழ நின்னுகினு குணம்னு எழுதிக் குடுக்கறதெல்லாம் எங்க கிட்ட செல்லாதுங்க," என்றாள். "நாங்க கூடவே ஏறிப் பாப்போம். பெரியவங்க நீங்களும் வரணும். நாளைக்கு ஊர்ல ஒரு பேச்சுன்னா சாட்சி சொல்லணுமில்ல?"

கஜபதி மலையை அண்ணாந்து பார்த்தார். அவர் மலைக்குப் போகும்போதெல்லாம் ஆள் சுமக்கும் டோலியில்தான் போவார். சடகோபன் குடையைப் பார்த்தார்.

"வாங்கய்யா," என்றாள் பாஞ்சாலி. "தலைவருன்னா முன்னால போறவருதானே? நாங்க பின்னாலயே வரோம்."

இத்தனை பேர் காதுபட அப்படிச் சொன்ன பிறகு டோலி கூப்பிட முடியுமா? ஏறினார்கள். சேட்டுவுக்கும் அன்றுதான் நாலாம் பரீட்சை. அவன் எல்லாரையும் தாண்டி ஓடிப் படிகளில் மறைந்துவிட்டான்.

நாற்பது படி வரை கஜபதி நாட்டு முன்னேற்றம் பற்றிப் பேசினார். அறுபதில் பேச்சு நின்றது. எண்பதில் சடகோபன் குடையை ஊன்றினார். தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலால் ஏறி வலது காலை இழுத்து வைத்தாள். கட்டுத் துணியில் சிவப்பு ஊறியது. பாஞ்சாலி பார்த்தாள். கை கொடுக்கக் கூடாது என்பது தீர்மானம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கைகள் அதற்குப் பழக்கப்படாதவை.

நூற்றுப் பன்னிரண்டாம் படியில் "அப்பனே முருகா" என்ற சத்தத்தோடு கஜபதி உட்கார்ந்தார். உட்காரவில்லை, சரிந்தார். இரண்டு படி கீழே சடகோபன். அதற்கும் கீழே ரத்தினம்மாள் கண் சொருகிச் சாய்ந்தாள்.

"அம்மா! அம்மா!" என்று ஜெகநாதன் கத்தினான். கத்துவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. சாமி கும்பிட வந்தவர்கள் பத்துப் பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

அவர்களைத் தாண்டிப் போயிருந்த தமயந்தி திரும்பினாள். காலை இழுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"பாவா, கத்தாத. காத்து வரட்டும், எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லு. அந்தக் கொடைய வாங்கிப் பிடி. அத்தை, இங்க பாருங்க, கண்ணத் தொறங்க." முந்தானையைப் பாஞ்சாலி கொண்டுவந்திருந்த செம்புத் தண்ணீரில் நனைத்து மாமியாரின் முகத்தையும் கழுத்தையும் துடைத்தாள். வாயில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டாள். ரத்தினம்மாள் கண் திறந்ததும், "எனக்குக் காலு வலிக்குது அக்கா. நான் குந்தறேன்," என்று பாஞ்சாலியிடம் சொல்லிவிட்டுத் தமயந்தி படியில் உட்கார்ந்தாள்.

"குந்திட்டா! பாத்தீங்களா? நடுவுல குந்திட்டா!" என்றாள் ரத்தினம்மாள். உயிர் வந்ததும் முதல் வேலை அதுதான்.

பாஞ்சாலி இடுப்பில் கை வைத்தாள்.

"ஆங், குந்திட்டா. நீயும்தான் குந்தியிருக்கற. ஐயாவும் குந்திட்டாரு, காரியதரிசியும் குந்திட்டாரு. தீர்மானப்படி நாலு பேருக்கும் நாப்பத்தெட்டு நாளு. பாய் இருக்குது. கஞ்சி நான் ஊத்தறேன். ஐயாவுக்குச் சன்னலோரமா எடம் போடட்டா?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும்.

"ஏய், வெயில்ல எனக்கு மூச்சு முட்டுது, அதனால குந்தினேன்," என்றார் கஜபதி.

"அவளுக்குப் புண்ணு, அதனால குந்தினா. வலிச்சா குந்தறது பைத்தியமா, புத்தியாங்க? நீங்கதான் மேலேர்ந்து பாக்கறவரு, சொல்லுங்க."

அந்த நேரத்தில் மேலேயிருந்து சேட்டு ஆடிக்கொண்டே இறங்கி வந்தான். நெற்றி நிறைய விபூதி, கையில் கற்பூரத் தட்டு, வாயில் காலையிலேயே எங்கோ தேடிப் பிடித்த சாராய நெடி. "அக்கா! நான் நாலாவது தபா கொணமாயிட்டேன்!" என்று சொல்லிவிட்டுக் கஜபதியை அடையாளம் கண்டுகொண்டான். "இன்னா நைனா, நீ ஏன் இங்க குந்திகினு இருக்கற? அப்போ கடையில நின்னு ஊத்துவியே, நிக்கற கால்தானே உனக்கு?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அது அடங்குமுன் கஜபதி சடகோபனிடம் ஜாடை காட்டினார். காரியதரிசி முத்திரைப் பெட்டி இல்லாமல் எங்கும் போக மாட்டார். நூற்றுப் பன்னிரண்டாம் படியில் குடை நிழலில் தமயந்தியின் சான்று எழுதப்பட்டது. அவர் வாழ்க்கையில் நேரில் பார்த்து எழுதிய முதல் சங்கதி அது. படித் தீர்மானத்தை ரத்து செய்வது பற்றி அடுத்த கூட்டத்தில் ஆலோசிப்பதாகக் கஜபதி சொன்னார். தன்னுடைய யோசனையாகச் சொன்னார். அதில் பாஞ்சாலிக்கு ஆட்சேபம் இல்லை.

ரத்தினம்மாள் மட்டும், "காகிதத்த வெச்சி இன்னா பண்றது? புள்ள அவ கிட்ட வருமான்னு பாக்கலாம்," என்றாள். ஜெகநாதன் தன் தாயையும் பெண்டாட்டியின் காலையும் மாறி மாறிப் பார்த்தான். தன் வீட்டுச் சங்கிலியின் வேலையை அன்றுதான் கிட்டத்தில் பார்க்கிறான். "நாளைக்கு வந்து இட்டுகினு போறேன்," என்றான். அவன் தானாகச் சொன்னதாகப் பாஞ்சாலி கேட்ட முதல் வார்த்தை.

நாளைக்கு என்கிற ஆண்பிள்ளை வார்த்தையை நம்பிப் பாஞ்சாலி உட்கார்ந்திருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பதினேழு பேருக்குக் கஞ்சியை ஊற்றி, சேட்டுவை உள்ளே வைத்துப் பூட்டி, தமயந்தியின் காலுக்குப் புதுத் துணி சுற்றி, அவளை முதல் பஸ்ஸில் ஏற்றித் தானும் கூட ஏறினாள். ஆர்.கே.பேட்டைத் தெருவில் வண்டி பூட்டிக்கொண்டிருந்த ஜெகநாதன் இவர்களைப் பார்த்ததும் மாட்டை அவிழ்த்தான். வீட்டுக்குள் ரத்தினம்மாளின் இடுப்பிலிருந்த குழந்தை அம்மாவைப் பார்த்தது, வீறிட்டது.

"பாத்தியா? நான் சொல்லல?" என்றாள் ரத்தினம்மாள்.

"மாசக்கணக்கா பாக்காத மூஞ்சி. அழாம கும்புடு போடுமா? குடு இப்படி," என்று பாஞ்சாலி குழந்தையை வாங்கித் தமயந்தியின் மடியில் வைத்தாள். தமயந்தி அதைக் கொஞ்சவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. விரலைக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையின் வாய்க்குள் விட்டுப் பார்த்தாள். கீழே இரண்டு பல். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அந்த விரலை நறுக்கென்று கடித்தது. தமயந்தி விரலை எடுக்கவில்லை.

"கேழ்வரகுக் கூழு இருக்குதா அத்தை? பசியில கடிக்குது," என்றாள்.

ரத்தினம்மாள் கூழ் எடுக்க அடுப்படிக்குப் போனாள். காலுக்குத் தினமும் வேப்பந்தண்ணீர் ஊற்ற வேண்டும், ராத்திரித் தூக்கம் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கெட்டால் உடனே கொண்டுவர வேண்டும், தூண் பக்கம் போகக் கூடாது என்று ஜெகநாதனிடம் மூன்றையும் இரண்டு தடவை சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, பாஞ்சாலி பத்து மணி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.