கல்லில் வெட்டாத பெயர்

எங்கள் தெருமுனையில் கல்லறைக் கற்களில் பெயர் வெட்டுகிறவரை எல்லோரும் உளியார் என்றுதான் கூப்பிடுவோம். யாருக்கும் பயப்படாத மனிதர். ஆனால் மருமகள் இரண்டாம் முறை உண்டானதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. முதல் குழந்தை செத்தே பிறந்தது. அதற்குப் பெயர் வைக்கவே இல்லை.

இந்தத் தடவை மகனும் மருமகளும் எந்தப் பெயரைச் சொன்னாலும் உளியாருக்கு ஒரு கல் ஞாபகம் வந்துவிடும். இது லாரியில் அடிபட்டவன் பெயர். அது காய்ச்சலில் போன பெண்ணின் பெயர், கருப்புக் கல், ஓரத்தில் பூ வேலை. வாயைத் திறந்தாலே சாவு வீடுதானா என்று மகன் எரிந்து விழுந்தான். எனக்கும் கடுப்புதான். பக்கத்தில் வண்டி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் பாவத்துக்கு, காலை டீயோடு இந்தப் புராணத்தையும் நான் விழுங்க வேண்டியிருந்தது.

நூலகத்தில் வேலை பார்க்கும் மருமகள் விடவில்லை. ஒரு பழைய ஃபிரெஞ்சுப் பெயரைத் தேடிப் பிடித்து வந்தாள்: ரெனே. 'மறுபடி பிறந்தவன்' என்று பொருள். லத்தீனில் ரெனாட்டுஸ். ஞானஸ்நானத்தைப் புதுப்பிறவியாக எண்ணிய ஆதி கிறிஸ்தவர்கள் விரும்பி வைத்துக்கொண்ட பெயராம். கதையும் உண்டு. ஞானஸ்நானம் கிடைக்குமுன் ஒரு பையன் இறந்துபோகிறான். தன்னால்தான் தாமதம் என்று மனம் உடைந்த பிஷப், கடல் தாண்டிப் போய்த் தோட்ட வேலை செய்கிறார். ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்து குழியருகே அழுது மன்றாட, பையன் எழுந்து வருகிறான். அவனுக்கு வைத்த பெயர்தான் அது.

உளியார் ஒருநாளும் வெட்டாத பெயர். இனி சொல்லச் சாக்கு இல்லை என்று நினைத்தேன். அவரோ, இதுவும் குழியிலிருந்துதானே கிளம்புகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் குழந்தை குறைமாதத்தில் பிறந்துவிட்டது. ஆண். அவர்களை வண்டியில் கொண்டுபோனவன் என்பதால் ஆஸ்பத்திரியில் நானும் கூட நின்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு ஒரு பிடி உயிர் கிடந்தது. டாக்டர் பிடிகொடுத்துப் பேசவில்லை. பெயர் என்ன என்று நர்ஸ் கேட்டாள். வீட்டுக்கு வரட்டும், பிறகு வைக்கலாம் என்றார் உளியார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அவ்வளவு பயந்திருந்தோம்.

சக்கர நாற்காலியில் இருந்த மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"பேர் இல்லேன்னா கல்லு வெட்ட வேண்டி வராதுன்னுதானே மாமா நினைக்கிறீங்க?"

அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். அவள் தொடர்ந்தாள்.

"மூத்ததுக்கும் பேர் வைக்கல. அது போனப்ப என்னன்னு கூப்பிட்டு அழறதுன்னுகூட எனக்குத் தெரியல. இது ஒரு நாள் இருந்தாலும் பேரோட இருக்கட்டும். நீங்களே கூப்பிடுங்க மாமா."

உளியார் கண்ணாடியருகே போனார். ஆயுசு முழுக்கப் பெயர்களோடு புழங்கியவர், கூப்பிடத் தெரியாதவர் போல வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து, "ரெனே" என்றார். குழந்தை அசையவில்லை. கொஞ்சம் உரக்க, மறுபடி கூப்பிட்டார்.

டாக்டர் இன்றுவரை நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. உளியார் கடையைப் பூட்டிவிட்டு அங்கேயே நின்று பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இவ்வளவு சத்தம் வேண்டாமே என்று நர்ஸ் கெஞ்சியதற்கு அவர் சொன்னது இதுதான்:

"அவன் பேரு அவனுக்குக் கேக்க வேண்டாமா?"