அட்டை போட்ட ரிப்போர்ட் கார்டு

நான் ஐந்தாவது வரை படித்தவள். தமிழ் வாசிப்பேன். இங்கிலீஷில் எண் மட்டும் தெரியும். என் பெண்ணை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஒன்றாவது சேர்த்தது அவள் அப்பா. சேர்த்துவிட்டு சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார். வயலும் பள்ளிக்கூடமும் என் தலையில்.

காலாண்டுப் பரீட்சை முடிந்து ரிப்போர்ட் கார்டு வந்தது. குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிப் போட்டுக் காய வைத்துக்கொண்டிருந்த நேரம். மழை விட்டு விட்டுப் பெய்தது. அங்கே ஒரு பிடி நெல்லை மிஷினில் போட்டு ஈரம் பார்ப்பார்கள். எண் பதினேழுக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். எண் இறங்க இறங்கத்தான் நமக்கு மூச்சு வரும்.

அந்த நினைப்போடு கார்டைத் திறந்தேன். மேலிருந்து கீழே வரை நாலு. நடுவில் ஒரே ஒரு மூன்று. கடைசி வரியில் ஒன்று.

மார்க் இல்லை. கூட்டல் இல்லை. பாஸ் என்றும் போடவில்லை, ஃபெயில் என்றும் போடவில்லை. நான் படித்தபோது ராங்க் போடுவார்கள். ஒன்றுதான் முதல். அந்தக் கணக்குப்படியும் நாலு நல்லதாகத் தெரியவில்லை.

பின்பக்கம் பொடி எழுத்தில் இங்கிலீஷ். பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால் இருப்பது போல ஏதோ விதிமுறை என்று விட்டுவிட்டேன். கார்டு வருஷம் முழுக்கப் போய் வர வேண்டியது. நோட்டுக்கெல்லாம் போட்டது போல அதற்கும் பிரவுன் அட்டை போட்டேன். மூலையை மடக்கிப் பசை தடவி ஒட்டி, லேபிளும் ஒட்டினேன். அது என் வேலை. வேறு யாரையும் சொல்ல முடியாது.

சாயங்காலம் உள்பக்கத்தைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். அவர் பத்தாவது. தலைப்பையெல்லாம் வீடியோ காலில் படித்துச் சொன்னார். தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சுத்தம், வரிசையில் நிற்பது, எல்லாம் நாலு. கையெழுத்து மூன்று. கடைசி வரி, வகுப்பில் பேசுவது. அதுதான் ஒன்று.

"பேச்சுல மட்டும் ஃபர்ஸ்ட்டு. மத்ததெல்லாம் நாலாந்தரம். உன் பொண்ணாச்சே" என்றார்.

நான் ஒரு நாளைக்குப் பேசுவதை விரல் விட்டு எண்ணலாம். அது அவருக்கும் தெரியும்.

பக்கத்தில் நின்ற பெண் என் புடவையை இழுத்தாள். "இல்லம்மா, நாலுதான் நல்லது. மிஸ் சொன்னாங்க."

கதை விடாதே என்றேன். மறுபடியும் அதையே சொன்னாள். முதுகில் ஒன்று வைத்தேன். அழவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை.

அவர் அந்தப் போட்டோவைக் கும்பகோணத்தில் இருக்கிற அவர் அக்காவுக்கும் அனுப்பிவிட்டார். எனக்கு அண்ணி முறை. அண்ணி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பெரிய பள்ளிக்கூடம். அவர்கள் பையன் காலேஜ் படிக்கச் சென்னை போய்விட்டான். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. என் பெண் மேல் அண்ணிக்கு முன்னமே ஒரு கண். மூன்றாம் நாள் போன் வந்தது.

"ஏம்மா, நீ வயல்ல கெடப்பியா, இத பாப்பியா? புள்ளைய எங்கிட்ட விடு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போ."

பெற்றவள் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டுமாம். அவரும் சரி என்றுவிட்டார். அடுத்த வருஷம் அங்கே சேர்ப்பது என்று அக்காவும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம்.

கொள்முதல் நிலையத்தில் பில் போடுகிறவரிடம் கார்டைக் காட்டினேன். தன் பிள்ளைக்கு ஏ, பி என்று வரும், இது என்ன என்று தெரியவில்லை என்றார். எனக்குப் பின்னால் நெல்லோடு காத்திருந்தவர் தன் பேரனுக்கு நட்சத்திரம் ஒட்டி அனுப்புகிறார்கள் என்றார். எத்தனை நட்சத்திரம் இருந்தால் நல்லது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. மிஷின் காட்டுகிற எண்ணுக்கு எங்கள் ஊரில் மாடு மேய்க்கிறவர்கூட அர்த்தம் சொல்வார். ஆறு வயசுப் பிள்ளைக்குப் போட்ட எண்ணுக்குச் சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் நெல்லைப் பக்கத்துக் குவியல்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சின்ன வயசு டீச்சர். கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு யாருங்க அட்டை போடச் சொன்னா?"

நகத்தால் கீறிப் பிரவுன் தாளைக் கிழித்தார். பொடி எழுத்தைப் படித்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். நாலு என்றால் தானாகவே செய்கிறாள். மூன்று என்றால் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தால் செய்கிறாள். இரண்டு, கூடவே இருக்க வேண்டும். ஒன்று, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நாலுக்கு மேல் கிடையாது.

இதை முன்பக்கம் போட்டால் என்ன என்று கேட்டேன். அச்சடித்து வருவதே அப்படித்தான் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பேச்சு ஒண்ணுதாங்க கொறை. எல்லாம் தெரியுது, வாயத் தொறக்க மாட்டேங்கிறா. வீட்ல பேசுவாளா?"

"பேசுவா" என்றேன். பேசியதற்கு என்ன வாங்கினாள் என்பதைச் சொல்லவில்லை.

அன்றைக்கு அவர் கூப்பிட்டபோது விஷயத்தைச் சொன்னேன். அதற்கும் ஒன்று சொன்னார்.

"எல்லாத்துலயும் நாலா? அப்ப அங்க கெடந்தா வீணாப் போயிடுவா. அக்கா வீட்லயே விட்டுடலாம்."

"மக்குன்னாலும் கும்பகோணம். கெட்டிக்காரின்னாலும் கும்பகோணம். அப்ப கார்டு எதுக்குங்க?"

அக்காவிடம் சொல்லியாகிவிட்டது என்றார்.

"அவ எங்கயும் போகல" என்றேன். நான் வாய் திறந்து வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டார். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

பெண் வாசப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நாலுதான் நல்லதாம் என்றேன்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல."

"ஆமா. சொன்ன."

கார்டில் பெற்றோர் எழுத ஒரு கட்டம் இருந்தது. அர்த்தத்தைத் தமிழில், முன்பக்கம் போடவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுபடி அட்டை போடவில்லை.

கும்பகோணத்திலிருந்து இன்னும் போன் வருகிறது. எடுக்கிறேன். "அவ இங்கதான் படிப்பா, அண்ணி" என்று சொல்லிவிட்டு வைக்கிறேன்.