இரண்டு ஏழாம் நம்பர் வீடுகள்

நான் குடியிருக்கும் ஜெர்மன் ஊரில் அடுக்குமாடி வீடுகளுக்குள் வீட்டு எண்ணே கிடையாது. கீழ்வாசலில் அழைப்புமணிப் பொத்தான்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை ஒட்டிவிட்டேன். ஜெர்மனிப் பக்கமே வராத அருளப்பனுக்கு வாராவாரம் கடிதம் வருகிறது. எண் இல்லாமல் எப்படித்தான் பிழைக்கிறார்களோ என்று முதலில் சிரித்தேன். எங்கள் கள்ளிக்குப்பத்தில் வீட்டுக்கு இரண்டு எண்ணாயிற்றே!

அந்த இரண்டு எண்தான் போன மாதம் என் வேலையைக் காப்பாற்றியது. மருத்துவமனைகளுக்கான மென்பொருளில் ஓட்டை தேடுவது என் பிழைப்பு. ‘ப்ரோபெட்சைட்’ என்கிற சோதனைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. அதற்குள் உருப்படியாக ஒன்றைக் காட்டாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். என் கையில் இருந்தது ஒரே ஒரு ஓட்டை. லைப்ரரி என்கிற ஆயத்த நிரல்தொகுப்பு ஒன்று இணைய முகவரியைப் படித்து, நம்பலாமா என்று பார்க்கும்; இன்னொரு லைப்ரரி அதே முகவரியைப் படித்து, போய்த் தகவலை எடுத்துவரும். முகவரியில் இரண்டு தளப் பெயர்களை எழுதி, நடுவே பின்சாய்கோட்டையும் @ குறியையும் செருகிவிட்டால், முதலாவது முன்னால் இருக்கும் பெயரைப் பார்த்துச் சரி என்கிறது. இரண்டாவது பின்னால் இருக்கும் பெயரைத் தேடிப் போகிறது. அந்த வழியாக நோயாளிகளின் அறிக்கைகளை அள்ளிவிடலாம். மேலாளர் யோனாஸோ, "இரண்டும் தனித்தனியே சரியாகத்தானே வேலை செய்கின்றன? பிழை எங்கே?" என்று புகாரை மூடப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கை ஸ்டெல்லா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று வைத்த புதுநன்மை விருந்தைச் சொன்னேன். எங்கள் வீட்டுக்குப் பழைய எண் ஏழு, புதிய எண் பத்தொன்பது. சமையல்காரர் எழுதியிருந்த முகவரிச் சீட்டை வாங்கிப் பார்த்த அப்பா, "ஏழு, கரெக்டா கீது" என்று தலையாட்டினார். பிரியாணி அண்டாவோ தெருக்கோடியில், புதிய எண் ஏழில் இறங்கியது. "ஏழுன்னுதான் அண்ணாத்தே போட்டுக்கீது, ஏழுலதான் எறக்கினேன்" என்றார் வண்டிக்காரர். அந்த வீட்டுக்காரர், "யாரோ ஆசையா குடுத்து வுட்டுக்கீறாங்கன்னு நெனச்சோம்" என்றார். அதற்குள் பாதி காலி. பங்குச் சாமியார் உட்பட எங்கள் விருந்தாளிகள் கடை இட்லி சாப்பிட்டார்கள். அப்பா பார்த்ததும் சரி, வண்டிக்காரர் இறக்கியதும் சரி, பிரியாணிதான் போயிற்று.

யோனாஸ், "பிரியாணி என்பது எந்த லைப்ரரி?" என்று கேட்டார். மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். இந்த முறை, அதுவேதான் என்ற பொருளில் ‘கெனாவ்’ என்று மேசையைத் தட்டினார். இரண்டு பேர் படிக்கும் வேலையே வேண்டாம், சரிபார்க்கும் லைப்ரரியே போய் எடுத்தும் வரட்டும் என்று மாற்றினோம். என் வேலையும் நிரந்தரமானது.

அன்று மாலையே அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவைக் கூவி அழைத்துச் சொன்னார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "அப்போ மாடில உன் ரூம வாடகைக்கு வுட்டுடலாமாடா? சும்மாதான கீது?"

வேலை போயிருந்தால் நான் திரும்பிப் போய்ப் படுத்திருக்கக்கூடிய அறை அது. வேறு யாரோ அங்கே பாய் விரிப்பதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

"ஒரு மாசம் போவட்டும்பா" என்றேன்.

"இன்னாத்துக்குடா?" என்றார் அப்பா.